யார் கை என்று எதற்குத் தெரிய வேண்டும்? – கலையரங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

கோவையில் பொது நிலத்தில் நிற்கும் கலையரங்கத்தின் நிர்வாகக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

சென்ற வாரம் உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. "உடலைக் காட்சிப்பொருளாக்கும் நிகழ்ச்சிகளுக்கும், பார்வையாளர்கள் கலைஞரைத் தொடும் நிகழ்ச்சிகளுக்கும் இனி அரங்கம் வழங்கப்பட மாட்டாது" என்று அதில் இருந்தது. எந்த நிகழ்ச்சி என்று சொல்லவில்லை. போன மாதம், கதவு திறக்க அரை மணி நேரம் இருக்கும்போது நீங்கள் நிறுத்திய என் நிகழ்த்துகலை நிகழ்வுதான் அது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்று வாயால் சொன்னதை இன்று விதியாக்கிவிட்டீர்கள். எனக்கு மட்டும் நடந்ததாக இருந்தால் உங்களிடம் நேரில் பேசித் தீர்க்கப் பார்த்திருப்பேன். விதி என்று வந்துவிட்டால் எனக்குப் பின்னால் வரும் எல்லோருக்கும் சேர்த்தே கதவைச் சாத்துகிறீர்கள். அதனால் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அது என்ன நிகழ்வு என்று உங்களில் யாரும் முழுதாகக் கேட்டுக்கொள்ளவில்லை. மேடை கிடையாது. பார்வையாளர்கள் சின்னக் கூட்டம்தான். எதிரெதிராகப் போட்ட பெஞ்சுகளில் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்காருவார்கள். முதலில் வாசனை வரும். மூலையில் மின்னடுப்பில் பச்சை மஞ்சள் வெந்துகொண்டிருக்கும். மாசி, பங்குனியில் ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் வேகவைக்கும் காடுகளைத் தாண்டிப் போனவர்களுக்கு அந்த வாசனை தெரியும். கடையில் வாங்கும் தூளின் வாசனை வேறு. இதில் ஈர மண் இருக்கும், லேசான காரம் இருக்கும், தொண்டையில் போய் நிற்கும். அப்புறம் விசைத்தறிச் சத்தம், பேச்சுக் குரல் கேட்காத அளவுக்கு ஏறி, சட்டென்று நிற்கும். அந்த அமைதியில் என் நெஞ்சில் ஒட்டிய மைக்கிலிருந்து என் மூச்சு மட்டும் கேட்கும். அது சீரான மூச்சு இல்லை. பஞ்சாலையில் வேலை பார்த்த மூச்சு.

அதன்பிறகு நாங்கள் நடந்து வருவோம். நான், விசைத்தறி ஓட்டும் ஒரு பெரியவர், சாயப்பட்டறையில் வேலை செய்த ஓர் அக்கா, ஒரு திருநங்கை என நான்கு பேர். பெஞ்சில் இருப்பவர் கையை நீட்டினால் எங்களில் ஒருவர் தன் கையை அதில் வைப்போம். நீட்டாவிட்டால் கடந்து போய்விடுவோம். மணிக்கட்டில் நாடி பார்க்கலாம். விரலைத் தடவிப் பார்க்கலாம். உள்ளங்கையை முகர்ந்து பார்க்கலாம். கடைசியில் கையில் கொடுத்திருக்கும் நூலை அந்த மணிக்கட்டில் கட்டிவிட வேண்டும். தொடுவது முழங்கைக்குக் கீழே மட்டும். எல்லோரும் கட்டி முடித்ததும் நாங்கள் வெளியே போய்விடுவோம். அப்புறம்தான் அவர்கள் கண்கட்டை அவிழ்ப்பார்கள். தொட்டது யார் கை என்று கடைசிவரை தெரியாது.

இதைத்தான் "உடலைக் காட்சிப்பொருளாக்கும் நிகழ்ச்சி" என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே எங்கள் உடலை ஒருவரும் பார்ப்பதில்லை. ஒரு நொடிகூடப் பார்ப்பதில்லை. உங்கள் அரங்கில் நடக்கும் நிகழ்ச்சிகளிலேயே பெண்ணுடம்பு கண்ணுக்கே படாத நிகழ்ச்சி இது ஒன்றாகத்தான் இருக்கும். அப்படியானால் தடையின் காரணம் வேறு. அந்தக் காரணத்தை அன்றைக்கு உங்கள் குழு உறுப்பினர் ஒருவர் ஒப்பனை அறை வாசலில் நின்று சொல்லிவிட்டார்: "யாரு யாரைத் தொடறாங்கன்னே தெரியாம எப்படிங்க விடறது? பல மாதிரி ஆளுக வர்ற இடம்."

அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான் இந்த மடல்.

என் அம்மா காட்டுவேலைக்குப் போனவர். சனிக்கிழமை கூலி வாங்கக் கூடவே நானும் போவேன். அம்மா இரண்டு கையையும் குவித்துத் தாழ்த்திப் பிடிப்பார். பணம் மேலேயிருந்து விழும். சில்லறை கையிலிருந்து தவறி மண்ணில் உருண்டால் பொறுக்கிக்கொள்ள வேண்டும். கொடுப்பவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தீபாவளிக்கு எங்களுக்குப் புதுத்துணி எடுத்துக் கொடுத்தவர்தான். ஆனால் அவர் விரல் அம்மாவின் கையில் பட்டு நான் பார்த்ததே இல்லை. டீக்கடையில் எங்களுக்குத் தனிக் குவளை. கொங்கு நாட்டில் இரட்டைக் குவளை பற்றி எத்தனை புகார்கள், எத்தனை போராட்டங்கள் நடந்திருக்கின்றன என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. யார் யாரைத் தொடலாம் என்பதைத்தான் இந்த மண் முதலில் கேட்டது. புதிதாக ஓர் ஆளைப் பார்த்தால் எந்த ஊர், எந்தக் கூட்டம், அதாவது எந்தக் குலம் என்றுதான் இன்றும் பேச்சு ஆரம்பிக்கிறது. பதில் தெரிந்தபிறகுதான் கை குலுக்கலாமா, திண்ணையோடு நிறுத்துவதா என்பது முடிவாகிறது. இந்திய அரசியல் சாசனத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. 1950இலிருந்து அது சட்டம். அந்தச் சட்டம் நிறைவேறிய ஓர் அறையை ஒரு மணி நேரத்துக்காவது உண்டாக்க முடியுமா என்று பார்த்தேன். முகம் இல்லை, பெயர் இல்லை, கூட்டம் இல்லை, ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. கை மட்டும். அந்த அறையைத்தான் நீங்கள் பூட்டினீர்கள்.

கைக்கு அடையாளம் இல்லை என்றும் நான் சொல்லவில்லை. கையில் எல்லாமே எழுதியிருக்கிறது. பிறந்த சாதி மட்டும் அதில் இல்லை, செய்த வேலை இருக்கிறது. நான் கல்யாணத்துக்குப் பணம் சேரும் என்று சொல்லி மில்லுக்கு அனுப்பப்பட்ட பெண்களில் ஒருத்தி. ரிங் பிரேம் என்னும் நூற்பு எந்திரத்தில், அறும் இழையை ஒட்டும் சைடராக நின்றேன். ஓடிக்கொண்டே இருக்கும் கதிர்களுக்கு நடுவே இழை அறும். அறுந்த நுனியைத் தேடி எடுத்து ரோலரில் ஒட்டிவிட வேண்டும். ஒன்றை ஒட்டுவதற்குள் அடுத்தது அறும். நூல் உராய்ந்து உராய்ந்து ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் தோல் காய்த்துப்போகும். மில்லை விட்டு வந்து வருடங்கள் ஆகியும் எனக்கு அந்தக் காய்ப்பு போகவில்லை. மூச்சும் அப்படித்தான். லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுகும், அடுத்த நாள் கொஞ்சம் விடும். பஞ்சுத் தூசியால் வரும் இந்த நோய்க்கு மருத்துவத்தில் பிசினோசிஸ் என்று பெயர். அப்போதிருந்த தொழிற்சாலைகள் சட்டத்தில் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலிலேயே இருந்தது. நாங்கள் அதைச் சளி என்று சொல்லி, சுக்குக் காப்பி குடித்துவிட்டு ஷிப்டுக்குப் போனோம்.

சென்னிமலைக்குப் பக்கத்தில் தறி நின்றுபோன ஒரு பழைய கொட்டகையில் இதே நிகழ்வை முன்பு நடத்தியிருக்கிறோம். அங்கே ஒரு வயதான அம்மா என் கையை வாங்கினார். நாடியெல்லாம் பார்க்கவில்லை. நேராக ஆள்காட்டி விரலுக்குப் போனார். பெருவிரலால் அந்தக் காய்ப்பை மெதுவாக இரண்டு தடவை தேய்த்தார். "ஏனுங் கண்ணு, ரிங் பிரேம்ல நின்ன கைதான இது?" என்றார். நிகழ்வில் நான் பேசக்கூடாது. பேசாமல் நின்றேன். அவர் என் விரலை எடுத்துத் தன் விரலின் மேல் வைத்தார். அதே இடத்தில் அவருக்கும் காய்ப்பு. என்னுடையதைவிடக் கெட்டி. நூலைக் கட்டும்போது மூன்று முடிச்சுப் போட்டுவிட்டு, இறுக்கமாக இருக்கிறதா என்று விரலை உள்ளே விட்டுப் பார்த்துக்கொண்டார்.

இது கலை இல்லை என்றால் வேறென்ன என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

"இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, நம்ம ஊருக்கு ஒத்துவராது" என்றும் அன்று சொன்னீர்கள். உடம்பால் பேசுவது இந்த ஊருக்கா புதிது? பங்குனியில் பண்ணாரியில் குண்டம் இறங்குகிறார்கள். பச்சைக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பெண்கள் நெருப்பில் நடக்கிறார்கள். பாரியூரிலும் பெருமாநல்லூரிலும் இறங்குகிறார்கள். கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துக்கொண்டு கால் கொப்பளிக்கப் பழனிக்கு நடக்கிறார்கள். பொன்னர்-சங்கரின் அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்துப் பல இரவுகள் பாடி, படுகளம் அன்று ஆட்கள் செத்தவர்களாகவே மண்ணில் விழுகிறார்கள். மேலே துணி போர்த்தி, அழுது, பிறகு எழுப்புகிறார்கள். சுற்றி நிற்பவர்கள் யாரும் அதை வேடிக்கை என்று நினைப்பதில்லை. விழுந்து கிடப்பவரோடு சேர்ந்து அவர்களுக்கும் மூச்சு நிற்கிறது, அவர் எழும்போதுதான் திரும்ப வருகிறது. நேர்ச்சையும் நான் செய்வதும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். அது சாமிக்கு, இது சக மனுசருக்கு. ஆனால் ஓர் உடம்பு வருத்தப்படுவதை முன்னால் நின்று எப்படிப் பார்ப்பது என்று கொங்கு நாட்டு மக்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. உங்கள் குழுவைவிட அவர்கள் இதைச் சுலபமாகப் புரிந்துகொள்கிறார்கள். கொட்டகையில் கண்ணால் கண்டேன்.

வெளிநாட்டில் செய்தவர்களிடமிருந்தும் நான் கற்றிருக்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை. தைவானில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த தெஹ்சிங் ஷியே, 1980 ஏப்ரலிலிருந்து 1981 ஏப்ரல் வரை, இரவும் பகலும் மணிக்கு ஒரு தடவை, தொழிலாளி உடுப்பில் வந்து, வேலைக்கு வந்த நேரத்தைப் பதியும் டைம் கார்டை பஞ்ச் செய்தார். ஒரு வருசம். தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்குமேல் தூங்க முடியாத வருசம். இதை முதலில் கேள்விப்பட்டபோது எனக்கு மூன்று ஷிப்டும் நினைவுக்கு வந்தது. எங்கள் வாழ்க்கையை எங்கோ ஒருவர் உடம்பால் சொல்லியிருக்கிறாரே என்றிருந்தது. பிரேசிலின் லிஜியா கிளார்க் 1967இலேயே தலையில் மாட்டிக்கொள்ளும் முகமூடிகள் செய்தார். மூக்குக்கு வாசனைப் பொருள், காதுக்குச் சத்தம், கண்ணுக்கு வேறொரு பார்வை. சுவரில் மாட்டிப் பார்க்கும் கலை போதாது, அது தோலுக்கும் மூக்கிற்கும் வர வேண்டும் என்று அவர் நினைத்தார். நம் நாட்டில் ரும்மானா ஹுசைன் 1995இல் மும்பையில், வெட்டிய பப்பாளியைக் கையில் ஏந்தி, வாயைத் திறந்தபடி, குரலே வராமல் நடந்தார். பெண்ணாகவும் முஸ்லிமாகவும், பாபர் மசூதி இடிப்புக்குப் பிறகான அந்தக் காலத்தில் தன் உடம்பு எங்கே நிற்கிறது என்பதை அந்த நடையில் வைத்தார்.

கூட்டத்தில் யாராவது தப்பாக நடந்துகொண்டால் என்ன செய்வது என்று கேட்டீர்கள். அது நியாயமான கேள்வி. 1974இல் நேப்பிள்ஸில் நிகழ்த்துகலைஞர் மரினா அப்ரமோவிச் 72 பொருள்களை மேசையில் வைத்து, ஆறு மணி நேரம் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்று அசையாமல் நின்றார். துணியைக் கிழித்தார்கள், தோலைக் கீறினார்கள், அங்கிருந்த துப்பாக்கியைக் குண்டோடு அவர்மேல் குறிவைத்தார்கள். கூட்டம் எவ்வளவு தூரம் போகும் என்பது இந்தக் கலையில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் முழங்கை என்று எல்லை வைத்தோம். நான்கு பேரோடும் ஆளுக்கு ஓர் உதவியாளர் கண்ணைத் திறந்துகொண்டு நடப்பார். கையை இழுத்துக்கொள்ளும் உரிமை இரண்டு பக்கமும் உண்டு. இதையெல்லாம் தாளில் எழுதி விண்ணப்பத்தோடு கொடுத்திருந்தோம். நிறுத்துவதற்கு முன் அந்தத் தாளை எடுத்துப் படித்தீர்களா? அன்று உங்கள் மேலாளரின் மேசையில் பின் அடித்தபடியே அது இருந்தது.

இனி, என்னால் சும்மா விட முடியாத விஷயத்துக்கு வருகிறேன். அன்று வெளியே காத்திருந்தவர்களில் பாதிப்பேர் பார்வையற்ற கல்லூரி மாணவர்கள். அவர்களுக்காகவே இடம் ஒதுக்கியிருந்தோம். எந்த அரங்கத்துக்குப் போனாலும் பக்கத்தில் இருப்பவர் காதில் கதை சொல்ல வேண்டியிருக்கும் பிள்ளைகள், அன்றைக்கு மற்ற எல்லோரையும்விடத் தேர்ந்த பார்வையாளர்கள். ஒத்திகைக்கு வந்த ஒரு தங்கச்சி, கையில் வாங்கிய மஞ்சளை முகர்ந்துவிட்டு, இது விரல்போல் நீண்ட விரலி, இது உருண்டைக் கிழங்கு என்று பிரித்துச் சொன்னாள். நான் வளர்ந்ததே மஞ்சள் காட்டில். எனக்கு முகர்ந்து பார்த்துப் பிரிக்கத் தெரியாது. தறிக்காரப் பெரியவரின் கையைப் பிடித்ததும், "ஐயா, உங்களுக்குக் காது சரியாக் கேக்காதுங்களா?" என்று கேட்டாள். எப்படித் தெரிந்தது என்றோம். எதிரில் இருப்பவர் பேசும்போது பெரியவர் கையோடு சேர்ந்து முன்னால் சாய்கிறார் என்றாள். அந்தப் பெண்ணும் அவள் தோழிகளும் அன்று வாசற்படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். நிகழ்ச்சி இல்லை என்று அவர்களிடம் சொல்ல உங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. நான்தான் போய்ச் சொன்னேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பண்பாட்டு வாழ்வில் அவர்களுக்குச் சம உரிமை உண்டு என்கிறது. தொடுதல் கூடாது என்ற உங்கள் விதி, கண்ணை மட்டும் நம்பாத ஒரு கலையை அவர்களிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது.

கடிதத்தின் கடைசி வரியில், இனி எந்த நிகழ்ச்சியானாலும் அதன் எழுத்துப் பிரதியை முன்கூட்டியே கொடுத்து, காவல்துறைக் கடிதமும் வாங்கி வர வேண்டும் என்றிருக்கிறது. நாடகத்தைத் தடுக்கவும் பிரதியைக் கேட்கவும் அதிகாரம் தந்த 1954ஆம் ஆண்டு தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் அரசியல் சாசனத்துக்கு முரணானவை என்று ரத்து செய்துவிட்டது. அரசாங்கமே செய்யக்கூடாது என்று நீதிமன்றம் சொன்னதை ஒரு நிர்வாகக் குழு செய்ய நினைப்பது சரியில்லை. கூட்டம் கோபப்படும் என்று காரணம் சொன்னால், அதுவும் நம் கொங்குப் பக்கத்தில் நாம் பார்த்ததுதான். 2015 ஜனவரியில் நாமக்கல்லில், நாவலுக்கு எதிர்ப்பு வந்ததென்று எழுத்தாளர் பெருமாள்முருகனை அழைத்து உட்காரவைத்து மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். 2016 ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லிவிட்டது.

நான் கேட்பவற்றைத் தெளிவாகவே எழுதுகிறேன்.

அந்த விதியைத் திரும்பப் பெறுங்கள். பாதி வேண்டாம், முழுதாக. தொடுதல் உள்ள நிகழ்வுகளுக்கு என்னென்ன பாதுகாப்பு வேண்டும் என்று தனியாக ஒரு நெறிமுறை எழுதலாம். அதைக் கலைஞர்களோடு உட்கார்ந்து எழுதுங்கள். எங்கள் தாளையே அதற்குத் தொடக்கமாக எடுத்துக்கொள்ளலாம். பிரதி, காவல்துறைக் கடிதம் என்ற நிபந்தனையை உடனே நீக்குங்கள்.

நிகழ்வை நிறுத்தியதற்கான காரணத்தை எழுத்தில் கொடுங்கள். ஒப்பனை அறை வாசலில் சொன்ன காரணம்தான் குழுவின் காரணம் என்றால் அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அது அந்த உறுப்பினரின் சொந்தக் கருத்து என்றால் அதையும் எழுதுங்கள். அவர் என்னுடன் வந்த அந்த மூன்று பேரிடமும் நேரில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். தறிக்காரப் பெரியவர் அன்று ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர். சாயப்பட்டறை அக்காவும் அப்படித்தான். அவர்களுக்குப் பேசிய தொகையைக் கொடுங்கள், அரங்கத்துக்கு நாங்கள் கட்டிய முன்பணத்தையும் திருப்பிக் கொடுங்கள்.

இந்தப் பருவம் முடிவதற்குள் எங்களுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். அன்று திரும்பிப்போன மாணவர்களுக்கு உங்கள் பெயரில் அழைப்பு அனுப்பி, வந்துபோகும் பஸ் செலவையும் அரங்கமே ஏற்றுக்கொள்ள வேண்டும். நிர்வாகக் குழுவில் இப்போது நிகழ்த்துகலையில் இருப்பவர் ஒருவரும் இல்லை, மாற்றுத்திறனாளி ஒருவரும் இல்லை. அடுத்து காலியாகும் இரண்டு இடங்களை அவர்களுக்குக் கொடுங்கள். நிகழ்வு நடக்கும் நாளில் குழுவினர் எல்லோரும் வர வேண்டும் என்பது என் விருப்பம். முன்வரிசை ஒதுக்கித் தர முடியாது, அங்கே வரிசையே கிடையாது. கண்ணைக் கட்டிக்கொண்டு மற்றவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து கையை நீட்டுங்கள்.

பதிலைத் தொலைபேசியில் சொல்ல வேண்டாம். எழுத்தில் அனுப்புங்கள். அதன் நகலை அரங்க வாசலில் இருக்கும் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
பஞ்சாலையில் வேலை பார்த்த ஒரு நிகழ்த்துகலைஞர்,
ஈரோடு மாவட்டம்.